ஐ.டி.ஐ.யில் சேர்க்கும் முன் பட்டறையைப் பாருங்கள்



மே, ஜூன் மாதங்களில் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் கல்வி உதவி விண்ணப்பங்கள் குவியும். பி.காம்., பி.சி.ஏ., பொறியியல் என்று கேட்டு வருபவர்களே அதிகம். ஐ.டி.ஐ. கேட்டு வருபவர் சிலர்தான். அவர்களும் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். கட்டணத்தைக் கட்டி, ரசீதைக் கோப்பில் வைத்தால் பொறுப்பு முடிந்தது என்று நாங்களும் இருந்துவிட்டோம். அது தவறு என்பதை உணர்த்தியவர் நாம் படிக்க வைத்த ஒரு பிள்ளை.

அவர் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் படித்து நல்ல மதிப்பெண்ணோடு தேறியவர். ராணிப்பேட்டை பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத்துக்குப் போனார். மேசை மேல் ஒரு டிராயிங்கையும் துளையிட்ட ஓர் இரும்புப் பாகத்தையும் வைத்து, "25 எச்7 என்று போட்டிருக்கிறது. இந்தத் துளை சரியா என்று எதை வைத்துப் பார்ப்பாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் வெர்னியரை எடுத்தார். நேர்முகம் அத்தோடு முடிந்துவிட்டது.

அந்தக் கேள்வியைச் சற்று விளக்குகிறேன். 25 எச்7 என்றால் துளையின் விட்டம் 25.000 மி.மீ. முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம் என்று பொருள். இடைவெளி 21 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பட்டறையில் பழகும் சாதாரண வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் காட்டும். அனுமதிக்கப்பட்ட வித்தியாசமே ஏறத்தாழ அதன் ஒரு கோட்டளவு என்றால், துளை சரியா தவறா என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? இதற்கு போர் கேஜ் வேண்டும். அல்லது ஒரு முனை நுழைய வேண்டிய, மறுமுனை நுழையக்கூடாத பிளக் கேஜ் வேண்டும். இதெல்லாம் ஃபிட்டர் பாடத்திட்டத்தில் இல்லாதவை அல்ல. அவர் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்தில் படம் வரைந்தே எழுதியிருக்கிறார். "கருவியைத் தொட்டுப் பார்த்தாயா தம்பி?" என்றேன். "20 பேருக்கு ஒன்றுதான் இருந்தது சாச்சா, அதுவும் பீரோவில்" என்றார். கோட்பாட்டுத் தேர்வோ கணினியில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. கருவியைத் தொடாமலே அதில் தேறிவிடலாம்.

சகோதரர்கள் நம்மிடம் தந்த அமானத் அந்தக் கட்டணம். அதனால் கல்விக் குழுவினர் நான்கு பேர், ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை சில தொழிற்சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் நேரில் போய், "உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் தேவை?" என்று கேட்டோம். நாங்கள் எதிர்பார்த்தது கம்ப்யூட்டர், ஆங்கிலம் போன்ற பதில்கள். காலணித் தொழிற்சாலையில் ஒரு மேலாளர் சொன்னார்: "பாய், தையல் மெஷினில் உட்கார ஆள் கிடைக்கிறார்கள். மெஷின் நின்றால் சரிசெய்ய ஆள் இல்லை." இன்னொரு இடத்தில், வயரிங் டிராயிங்கைப் பார்த்து மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கும் எலக்ட்ரீஷியன் வேண்டும் என்றார்கள். வேறொருவர் சி.என்.சி. இயந்திரத்தில் பட்டனை அழுத்த ஆள் உண்டு, டூல் செட்டிங் செய்யத் தெரிந்தவர் இல்லை என்றார். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்பதை எல்லோருமே சொன்னார்கள்.

முதலாளிகள் கேட்பதை அப்படியே கற்றுக்கொடுத்தால் போதும் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. ஒரே ஒரு தையலை ஒரு மாதம் பழக்கிவிட்டு, அதற்கு 'திறன் பயிற்சி' என்று பெயர் வைக்கும் இடங்களும் உண்டு. அந்த மாடல் செருப்புக்கு ஆர்டர் நின்றால் அந்தப் பெண் வீட்டுக்கு வர வேண்டியதுதான். நம் பாலாற்றங்கரைத் தொழிலையே பாருங்கள். ஒரு காலத்தில் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றினோம். 1970களில் அரைகுறைப் பதனீட்டுத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் முழுப் பதனீட்டுக்கு மாறினோம். பிறகு ஷூவின் மேல்பாகம், அதன்பின் முழு ஷூ. இப்போது தோலே இல்லாத விளையாட்டுக் காலணிகள் செய்யாறு, பர்கூர் என்று வந்துவிட்டன. நம் மாவட்டத்துப் பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் டாடாவின் கார் தொழிற்சாலைக்கும், அந்த ஆண்டு முடிவில் ஒரு பெரிய காலணித் தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறினார்கள். மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் தோல் ஷாப்பிலிருந்து ஷூ கம்பெனிக்கு, அங்கிருந்து வேறொன்றுக்குப் போய்விட்டார். ஆகவே இரண்டாண்டு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் போன்ற அடிப்படைத் தொழில்களைப் படித்து, அதன்மேல் அந்தந்தத் தொழிற்சாலைக்கு வேண்டியதைக் கற்பதே பிள்ளைக்கு நல்லது என்பது என் கருத்து. குழுவில் ஒருவர் இதை ஏற்கவில்லை; வீட்டில் அடுப்பு எரிய வேண்டியவர்கள் இரண்டாண்டு காத்திருக்க முடியாது என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஓராண்டில் முடியும் வெல்டர் படிப்பை அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்கிறோம். அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

படிப்புக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் பாலமாக இருப்பது அப்ரென்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்காகவே வந்தது. 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ்களை எடுத்தாக வேண்டும். குறைந்தபட்ச உதவித்தொகையும் படிப்புக்கு ஏற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை அப்போது நிர்ணயிக்கப்பட்டது. அதில் கால் பங்கை, ரூ.1,500க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் தனியாகத் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். "ஆள் கிடைக்கவில்லை" என்று எங்களிடம் சொன்னவர்களில் இரண்டு பேரிடம், "எத்தனை அப்ரென்டிஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒருவர் பேச்சை மாற்றிவிட்டார். மற்றவர் வைத்திருக்கிறார், ஆனால் அந்தப் பிள்ளைகள் பேக்கிங்கில் நிற்கிறார்கள். குறை கல்லூரிகளிடம் மட்டும் இல்லை.

இன்னொன்றையும் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ரூ.750 உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் எல்லாம் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் மேம்படுத்தி, ரோபாட்டிக்ஸ், சி.என்.சி., மின்சார வாகன மெக்கானிக் போன்ற பிரிவுகளைத் தொடங்கியிருக்கிறார்கள். இத்தனை இருக்க, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகத் தனியாரிடம் பணம் கட்டிச் சேர்ப்பதை நாம் யோசிக்க வேண்டும். தனியாரில் நல்லவையும் உள்ளன. எதுவானாலும் சேர்க்கும் முன் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத் மேல் தூசி படிந்திருக்கிறதா, இரும்புத்தூள் கிடக்கிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். ஒரு பிரிவுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் என்று கேளுங்கள். போன ஆண்டு தேறியவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் ஒருவரிடமாவது போனில் பேசுங்கள்.

இந்த ஆண்டு முதல் ஐ.டி.ஐ. விண்ணப்பத்துக்கு உதவி வழங்கும் முன் குழு உறுப்பினர் ஒருவர் பெற்றோருடன் அந்த நிறுவனத்தின் பட்டறையைப் பார்த்து வருவார். உதவியின் ஒரு பகுதியைக் கட்டணமாகத் தராமல், அப்ரென்டிஸ் காலத்தில் தங்கும் செலவுக்கும் பஸ் செலவுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். முதலில் சொன்ன பிள்ளை இப்போது வேறொரு தொழிற்சாலையில் அப்ரென்டிஸாக இருக்கிறார். சென்ற மாதம் வந்தபோது, அங்கே தினமும் போர் கேஜ் பிடிக்கிறாராம், முதல் வாரம் கை நடுங்கியதாம்.

விண்ணப்பிக்க வருவோர் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு, ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரவும். பிள்ளையையும் உடன் அழைத்து வரவும். நாங்கள் பேச வேண்டியது அவரிடம்தான்.