பனிக்காலப் பயிரும் சிராவகர் அறமும்

மார்கழியும் தையும் நம் ஊர்ப்புறங்களில் பனிப்பருவம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நம்மவர் பலர் வழிவழியாக உழவையே தொழிலாகக் கொண்டவர்கள். சம்பா நெல் முதிர்வதும், அவரையும் மொச்சையும் காய்த்துக் குலுங்குவதும் இப்பருவத்தில்தான். "மண்ணைக் கீறினால் உயிர்கள் மாயுமே, அகிம்சை நெறியினராகிய நாம் பயிரிடலாமா?" என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். அதற்கு விடை காண்போம்.

நூல்கள் கூறுவது

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம், பகவான் விருஷபதேவர் மக்களுக்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்த வரலாற்றை உரைக்கிறது. கிருஷி என்பது உழவு. ஆகவே அது இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டதன்று. எனினும் குற்றமற்றதும் அன்று.

ஹிம்சை நால்வகைப்படும். வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. கொல்லும் எண்ணத்துடன் செய்வது சங்கல்பி. துறவியர் நான்கையும் துறப்பர். சிராவகர் சங்கல்பியை அறவே நீக்கி, ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும்.

அவரைப் பந்தல் கற்பித்தது

ஆடியில் ஊன்றும் நாட்டு அவரை, பகற்பொழுது குறுகத் தொடங்கிய பின்னரே பூக்கும் இயல்புடையது. ஆனியில் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடமாக இருக்கும் பகல், மார்கழியில் 11½ மணியளவாகச் சுருங்குகிறது. பூங்கொத்துகள் நிறையும் அந்நாளில், இளந்தளிர்களில் அசுவினிப் பூச்சியும் மொய்க்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், காய் குறைந்துவிடுமே என்று அஞ்சி நாமும் பூச்சிமருந்து தெளித்தோம். மறுநாள் காலை பந்தலின் கீழ் அசுவினிகள் மட்டுமா கிடந்தன? தேனீக்களும் பொறிவண்டுகளும் மடிந்து கிடந்தன. பொறிவண்டு அசுவினியைத் தின்று வாழ்வது. தேனீ மலர்தோறும் சென்று தேன் நுகர்வது. அவை நமக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை. இதனை உத்யோகி என்று சொல்லித் தப்ப இயலுமா? கொல்ல வேண்டும் என்று எண்ணியன்றோ தெளித்தோம்! அன்றிரவு பிரதிக்கிரமணம் செய்தபோது, பள்ளியில் பல முறை பாடமாகச் சொன்ன அந்நால்வகையின் பொருள் நமக்கே முதன்முறையாக விளங்கிற்று.

கைக்கொள்ளத் தக்கவை

1. கொடிகளை நெருக்கி நடாது, காற்றும் வெயிலும் புக இடம் விடுக. உரத்தை மிகுதியாக இடற்க. அளவுக்கு மீறிக் கொழுத்த தளிரையே அசுவினி நாடும்.

2. விடியலில் பனி ஈரம் உலருமுன் அடுப்புச் சாம்பலை மெல்லத் தூவுக. இதிலும் சிறிது ஊறு உண்டு. ஆயினும் நஞ்சினும் குறைவு.

3. அறுவடைக்குப் பின் தாளை எரியாதீர். அதனை மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். அதனுள் வாழும் உயிர்களும் பிழைக்கும்.

4. விளைவில் ஒரு பகுதி பிற உயிர்களுக்கும் உரியது என்று முன்னரே மனத்தில் ஒதுக்கிவிடுக. இழப்பென்று எண்ணினால் சினம் எழும். பங்கென்று எண்ணினால் எழாது.

நிலம் என்பது

மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்பது நம் ஆகமக் கொள்கை. ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. அவரையின் வேர் முடிச்சுகளில் தங்கும் நுண்ணுயிர்களே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன. பட்டா நம் பெயரில் இருக்கலாம். வாழ்வோர் நாம் மட்டும் அல்லோம். நிலத்தை விட்டு நகரில் குடியேறியோரும் உழவின் ஹிம்சையை விட்டவர் ஆகார். அதனைப் பிறர் கையில் ஒப்படைத்தவரே ஆவர். மாடியில் ஒரு தொட்டியிலேனும் அவரை ஊன்றி வளர்த்தால், உண்ணும் ஒவ்வொரு கவளத்தின் விலையும் விளங்கும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. மண்புழு, எறும்பு, தேனீ ஆகியவற்றுக்கு முறையே இரண்டு, மூன்று, நான்கு புலன்கள். அவை யாவை?

2. நால்வகை ஹிம்சைக்கும் உங்கள் வீட்டிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

3. ஒரு வாரம் நாள்தோறும் காலையில் ஒரு செடியை உற்றுநோக்கி, அதில் கண்ட உயிர்களைக் குறித்து வருக.