இருதிசைச் சூரியத் தகடுகள்: இணைப்புக்குச் சில குறிப்புகள்

தெற்கு நோக்கிய இடம் போதாமையால், மொட்டை மாடியில் 540 வாட் சோலார் பேனல்கள் நான்கைக் கிழக்கு முகமாகவும் நான்கை மேற்கு முகமாகவும் சாய்த்து வைக்க நேரும் இல்லத்தார் கவனிக்க வேண்டியவை இவை:

● எட்டையும் ஒரே தொடராக இணைப்பது உசிதமன்று. தொடரிணைப்பில் எல்லாப் பேனல்களிலும் ஒரே அளவு மின்னோட்டமே செல்லுமாதலால், காலை வேளையில் கிழக்குப் பேனல் 8 ஆம்பியர் தரச் சித்தமாயிருக்க, மேற்குப் பேனல் 3 ஆம்பியரே தருமாயின், தொடர் முழுதும் அந்த 3 ஆம்பியருக்கு இறங்கும். அல்லது பைபாஸ் டயோடுகள் வழிவிட, மேற்குப் பேனல்களின் பங்கு விரயமாகும்.

● திசைக்கொரு தொடராகப் பிரித்து, இன்வெர்ட்டரின் தனித்தனி எம்.பி.பி.டி. (அதிகபட்ச மின்திறனைத் தேடிப் பெறும்) இன்புட்டுகளில் கொடுப்பதே உத்தமம். இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்குவதற்கான குறைந்தபட்ச வோல்டேஜை நான்கு பேனல்கள் எட்டுமா என்று முதலில் பாருங்கள்.

● ஒரே இன்புட்தான் உண்டெனில், ஒரே ரகமும் சம எண்ணிக்கையும் கொண்ட இரு தொடர்களைப் பக்க இணைப்பாகச் சேர்க்கலாம்; வெயில் தணியும்போது மின்னோட்டம் குறையுமளவுக்கு வோல்டேஜ் குறைவதில்லையாதலால், நஷ்டம் சொற்பமே. இரண்டின் மொத்த மின்னோட்டம் இன்புட்டின் வரம்புக்குள் அடங்க வேண்டும்.

● மூன்று நான்கு திசைகளாயின், பேனலுக்கொரு மைக்ரோ இன்வெர்ட்டர் அனுகூலமானது.

● ஜாக்கிரதை: வெயில் உள்ளவரை நான்கு பேனல் தொடரில் சுமார் 200 வோல்ட் இருக்குமாதலால், இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. சுவிட்சையும் அணைத்த பின்னரன்றிக் கனெக்டரைப் பிரிக்கலாகாது. அவ்வேலையையும் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடம் ஒப்படைப்பதே க்ஷேமம்.