உன் விளையாட்டில் ராட்சசன் எதற்கு?

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய விளையாட்டுத் திட்டத்தை முழுக்கப் படித்துவிட்டேன். ராட்சசர்களை வரைவதில் உனக்கு இணை இல்லை; அந்தப் பீடி ராட்சசனின் மூக்கிலிருந்து புகை வரும் அழகே அழகு. வீரன் அவனைச் சுட்டு வீழ்த்தியதும் திரையில் ‘புகையிலை உயிரைக் கொல்லும்’ என்று ஒரு வாசகம் வரும், பத்து வாசகம் சேர்ந்தால் அடுத்த லெவல் என்று எழுதியிருக்கிறாய். அறிவியல் கண்காட்சியில் பரிசு கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் பெட்டிக்கடையில் ஒளித்து விற்கும் ‘கூல் லிப்’ புகையிலையை வாங்கி உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற ஒன்பதாம் வகுப்புப் பையன் இதை ஆடிவிட்டு என்ன செய்வான்? வாசகத்தைப் படிக்காமல் தட்டிவிட்டு அடுத்த ராட்சசனைத் தேடுவான். குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்துவிட்டது. கெடுதல் என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் வாங்குகிறான்.

‘சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்’ என்று நம்பி அமெரிக்கா கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமில்லை. 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘டேர்’ என்ற திட்டம் தொடங்கியது. சீருடையோடு போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து போதைப்பொருள் பற்றிப் பாடம் எடுப்பார். பெற்றோருக்குப் பிடித்திருந்தது, பள்ளிகளுக்கும் பிடித்திருந்தது. நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஆராய்ந்து பார்த்தால், அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. பிற்பாடு பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

சுடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ‘ரீ-மிஷன்’ என்று ஒரு விளையாட்டு. ஹோப்லேப் என்ற அமெரிக்க அமைப்பு 2006-ல் வெளியிட்டது. புற்றுநோய் வந்த இளவயதுக்காரர்களுக்கானது. அவர்களில் பலர் வீட்டில் சாப்பிட வேண்டிய மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டுவிடுவார்கள், டாக்டர்களுக்கு அது பெரிய தலைவலி. விளையாட்டில் ராக்ஸி என்ற குட்டி ரோபோ, நோயாளியின் உடம்புக்குள் பறந்து புற்றணுக்களைச் சுடுவாள். இதுவரை உன் கதை மாதிரியேதான். ஆனால் நோயாளி ஒரு வேளை மருந்தைத் தவறவிட்டால் ராக்ஸியின் துப்பாக்கி சொதப்பும். தப்பித்த புற்றணுக்கள் மருந்துக்கு மசியாதவையாகத் தேறிவிடும். ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு’ என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. சாப்பிடாவிட்டால் ஆட்டமே கைவிட்டுப் போகும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 34 மருத்துவ மையங்களில் 13 முதல் 29 வயதுக்குள்ளான 375 பேரிடம் இதைச் சோதித்து, 2008-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ரீ-மிஷன் கிடைத்தவர்கள் தொற்று வராமல் தடுக்கும் ஆண்டிபயாட்டிக்கை மற்றவர்களைவிட 16 சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். ரத்தத்தில் கீமோ மருந்தின் அளவும் அவர்களுக்கே அதிகம்.

அங்கே உடம்பின் விதிதான் ஆட்டத்தின் விதி. உன் ஆட்டத்தில் சுடுவதற்கும் புகையிலைக்கும் என்ன உறவு என்று யோசித்துப் பார். ஒன்றுமில்லை. பீடி ராட்சசனை எடுத்துவிட்டு ஒரு கொசுவை வைத்தாலும் ஆட்டம் அப்படியே ஓடும், டெங்கு விழிப்புணர்வு என்று பேர் மாற்றிவிடலாம்!

புகையிலைப் பழக்கம் நுரையீரலில் தொடங்குவதில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கும் நாலு பேரிடம் தொடங்குகிறது. அந்த இடத்தை விளையாட்டாக்க முடியுமா? முயன்று பார்த்திருக்கிறார்கள். நியூ ஹேவன் என்ற ஊரில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த ஊருக்கு ‘எல்ம் சிட்டி’ என்று செல்லப்பெயர். யேல் மருத்துவர் லின் ஃபீலினும் அவர் குழுவும் செய்த விளையாட்டு ‘பிளேஃபார்வர்ட்: எல்ம் சிட்டி ஸ்டோரீஸ்’. ஐபேடில் ஆடுவது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுப்பது நோக்கம். ஆனால் கிருமியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிடுகிற நண்பன், கையில் திணிக்கப்படும் பீர், தயங்கினால் வரும் கேலி, அப்புறம் யோசிக்காமல் நடந்துவிடும் உடலுறவு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக நடக்கும் வழியைப் பிடித்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளையே உட்காரவைத்துப் பேசி, அவர்கள் பேச்சிலிருந்து கதை கட்டினார்கள்.

ஆடுகிறவன் தனக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்குவான். அதன் கனவுகளையும் அவனே தீர்மானிப்பான். வழியில் தேர்வுகள் வரும். எடுத்த முடிவுக்கேற்ப வாழ்க்கை போகும். போய்ச் சேர்ந்த இடம் பிடிக்கவில்லை என்றால் பின்னோக்கித் திரும்பி, அதே தருணத்தில் வேறு முடிவெடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கலாம். நிஜத்தில் யாருக்கும் கிடைக்காத சலுகை இது. கதைக்கு நடுவே குட்டி விளையாட்டுகளும் உண்டு. அதில் ஒன்று முழுக்க முழுக்க மறுப்பதற்கான பயிற்சி. வற்புறுத்துகிறவன் எந்த வழியில் இழுக்கிறான் என்று கவனித்து, அதற்கேற்ற பதிலால் விலக வேண்டும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-லேயே எழுதினார்: ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை புத்திமதியால் வளர்வதைவிட, செய்து பார்த்து ஜெயித்த அனுபவத்தால்தான் உறுதியாக வளரும் என்று. மறுப்பதையும் அப்படித்தான் கற்க வேண்டும். நீச்சல் மாதிரி, தண்ணீருக்குள் இறங்கித்தான்.

சரி, பலன்? 11 முதல் 14 வயதுள்ள 333 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த விளையாட்டும் மற்றதற்கு வேறு ஐபேட் விளையாட்டுகளும் கொடுத்தார்கள். புது ஐபேட் கிடைத்த குஷியைப் பலன் என்று எண்ணி ஏமாறக்கூடாது அல்லவா, அதற்காக. ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். பாலியல் நலம் பற்றிய அறிவும் மனப்பாங்கும் இந்த விளையாட்டை ஆடியவர்களிடம் மேம்பட்டிருந்தன. ஆனால் முதன்மையாக அளக்க நினைத்தது, உடலுறவு தொடங்குவது தள்ளிப்போகிறதா என்பதை. அதில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வயதில் இரண்டு பிரிவிலுமே மிகப் பெரும்பாலோர் தொடங்கவே இல்லை, வித்தியாசம் தெரிய இடமே இல்லை என்று சமாதானம் சொல்லலாம். நியாயமான சமாதானம்தான். ஆனாலும் ‘விளையாட்டு நடத்தையை மாற்றியது’ என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2017-ல் வெளியான கட்டுரையில் இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அதனாலேயே எனக்கு அவர்கள் மேல் மதிப்பு.

இப்போது உன் ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, கேள். ‘வேண்டாம்’ என்று சொன்னவுடன் பத்து நாணயம் கொட்டாதே. அது பொய். நிஜத்தில் ‘வேண்டாம்’ சொன்னவனுக்கு அன்றைக்கு நஷ்டம்தான்: கிண்டல் செய்வார்கள், கிரிக்கெட் டீமில் சேர்க்க மாட்டார்கள், வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்குவார்கள். உன் விளையாட்டில் அந்த நஷ்டம் இருக்கட்டும். மறுத்தவன் அடுத்த நாள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதையும் ஆட்டத்தில் வை. தனியாகப் போய் விழாமல் அவன் ஒதுங்க இன்னொரு கூட்டம் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதே ஒரு லெவலாக இருக்கலாம். ‘ஒண்ணே ஒண்ணு வெச்சுப் பாரு மச்சி’ என்பவனுக்கும், ‘வேணாம்னா போ, இனிமே எங்ககூட வராத’ என்பவனுக்கும் ஒரே பதில் செல்லாது. முதலாமவனிடம் சிரித்துப் பேச்சை மாற்றிவிடலாம். இரண்டாமவன் கஷ்டம்.

இன்னொன்று. தினமும் வந்தால் போனஸ், ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்ற வித்தைகளை உன் செல்பேசி விளையாட்டுகளில் பார்த்திருப்பாய். அவற்றைத் தொடாதே. கட்டுப்பாடில்லாமல் ஆடுவதையே ஒரு கோளாறாக உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பழக்கத்தை விடச் சொல்லி இன்னொன்றை ஒட்டவைத்தால் உங்கம்மா என்னைத்தான் பிடிப்பாள். அரை மணியில் முடிகிற ஆட்டமாகச் செய்.

அளக்கவும் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு செக்‌ஷனுக்கு உன் ஆட்டம், இன்னொன்றுக்கு வேறு ஏதாவது ஆட்டம். ஆடி முடித்தபின் ‘புகையிலை கெட்டதா?’ என்று கேட்காதே, எல்லாரும் ஆமாம் என்பார்கள். விளையாட்டில் வராத ஒரு புதுச் சூழ்நிலையைச் சொல்லி ‘நீ என்ன பதில் சொல்வாய்?’ என்று எழுதச் சொல். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கேள். தாளில் பெயர் வேண்டாம். ஆசிரியர் கையில் அது போகக்கூடாது. போகும் என்று தெரிந்தால் ஒருவனும் உண்மை எழுத மாட்டான்.

இப்போதைக்கு ஒரே ஒரு காட்சி போதும், சைக்கிள் ஸ்டாண்ட் காட்சி. ராட்சசனைத் தூக்கி எறியாதே, முகப்புப் படத்துக்கு வைத்துக்கொள். உன் வகுப்புப் பையன்கள் ஒருவரையொருவர் எப்படியெல்லாம் வற்புறுத்துவார்கள் என்று வசனங்களைக் கேட்டு எழுதி அடுத்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பு. கெட்ட வார்த்தையை வெட்ட வேண்டாம், உங்கம்மாவிடம் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அத்தை