பனி உருகும் கணக்கு

அன்பு மருமகளுக்கு,

"துருவத்துல பனி உருகினா நம்ம மாப்பிள்ளையூரணிக்கு என்ன மாமா?" என்று போனில் கேட்டாய். எழுதினால்தான் ஒழுங்காக வரும் என்று அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன்.

முதலில், எல்லாப் பனியும் ஒன்றல்ல. கடலில் மிதக்கிற பனி உருகினால் நீர்மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். தன் எடைக்கு ஈடான நீரை அது ஏற்கெனவே விலக்கித்தான் மிதக்கிறது. நிலத்தின் மேல் கிடக்கிற பனி கடலில் சேரும்போதுதான் மட்டம் ஏறும். கிரீன்லாந்துப் பனி மொத்தமும் உருகினால் சுமார் 7 மீட்டர். உன் காலத்தில் அது நடக்காது, பயப்படாதே. ஆனால் 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறிவிட்டது. பனி உருகியது பாதிக் கதைதான்; சூடான நீர் விரிந்ததும் அதில் சேர்த்தி.

பனி உருகிக் கடலில் சேர்வதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் உப்பளத்தில் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அப்பா டிகிரி பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான். மழை விழுந்தால் பாத்தியில் டிகிரி இறங்கும். வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தள்ளி, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் கோங்ஸ்பியோர்டன் என்ற கடற்கழி இருக்கிறது. பனியாறுகள் உருகி அங்கே நல்ல தண்ணீர் இறங்கும். அட்லாண்டிக்கிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர் உள்ளே வரும். எது எவ்வளவு என்பதை உப்பும் வெப்பமும் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஆய்வாளர்கள் 2008 முதல் அங்கே ஹிமாத்ரி நிலையத்தில் வேலை செய்கிறார்கள். கோடையில் போவது சுலபம். குளிர்காலத்து இருட்டில் யார் போய் அளப்பது? அதற்காகச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு கருவித் தொடரைச் செய்தது. இண்டார்க் என்று பெயர். 2014 ஜூலையில் அதை 192 மீட்டர் ஆழக் கடலில் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். ஆள் இல்லாத மாதங்களிலும் அது உப்பையும் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே இருந்தது. விண்வெளி ஆய்வுக்குக் கிடைக்கிற கைதட்டலில் கால்பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

இனி உன் கேள்வி. கிரீன்லாந்துப் பனி அவ்வளவு கனம். தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் இழுப்பு தளரும். கிரீன்லாந்தை ஒட்டிய கடல் இறங்கும், தள்ளி இருக்கிற கடல் பங்குக்கு மேல் ஏறும். அண்டார்க்டிகாவும் அப்படித்தான். இரண்டுக்கும் தூரத்தில் இருக்கிறது நம் ஊர்க் கடலான மன்னார் வளைகுடா! பக்கத்தில் இருப்பவர்கள்தான் முதலில் மூழ்குவார்கள் என்று நினைத்திருப்பாய். பனியைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ்.

அதற்காக அந்த வளைகுடாவில் இருக்கிற வான் தீவு சுருங்கியதையும் பனி தலையில் போட்டுவிடாதே. அங்கே பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. பிறகு செயற்கைப் பாறைகளைப் போட்டுத் தீவைக் காப்பாற்றப் பார்த்தார்கள். மெல்ல ஏறுகிற கடல், பலம் குறைந்த கரையைத்தான் முதலில் தேடி வரும்.

மிதக்கும் பனி, நிலத்துப் பனி என்று முதலில் சொன்னதை நீயே சோதித்துப் பார். சனிக்கிழமை இரண்டு டம்ளர் எடு. ஒன்றில் தண்ணீரில் ஐஸ்கட்டியை மிதக்க விடு. இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கல்லை வைத்து, அதன் மேல் ஐஸை வை. மட்டத்தைப் பேனாவால் குறித்துக்கொள். உருகியதும் அளந்து எனக்கு எழுது. எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகவே எழுத வேண்டும், "ஏறிச்சு" என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
மாமா