தேடுபொறி இடும் வரிசை

சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் இப்பொழுது புதுவிதமான சாட்சியம் ஒன்று தோன்றியிருக்கிறது. நூல் விலையைப் பற்றியோ பயிர் மருந்தைப் பற்றியோ வாதம் எழுந்தால், அங்கத்தினர் ஒருவர் கைபேசியை எடுத்து, "இதோ, தேடிப் பார்த்தாயிற்று, இதுதான் முதலில் வருகிறது" என்கிறார். சபையும் பெரும்பாலும் அத்துடன் அடங்கிவிடுகிறது. முதலில் வருவது எக்காரணத்தால் முதலில் வருகிறது என்று கேட்பார் அரியர். பேரேட்டில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால் அதற்கு வவுச்சர் எங்கே என்று கேட்பது நமக்குப் பழக்கம். அக்கேள்வியையே தேடுபொறியிடமும் கேட்டுப் பார்ப்போம்.

நாம் ஒரு சொல்லைத் தட்டியவுடன் இயந்திரம் உலகமெங்கும் ஓடித் தேடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, தேடும் வேலை முன்னரே நடந்து முடிந்திருக்கிறது. தேடுபொறிக்குரிய நிரல்கள் ஒரு வலைப்பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்று, ஓயாமல் பிரதி எடுத்த வண்ணம் இருக்கின்றன. அப்பிரதிகளிலிருந்து பெரியதொரு சொல்லடைவு தயாராகிறது. இன்ன சொல் இன்ன பக்கங்களில் வருகிறது என்று புத்தகத்தின் இறுதியில் அச்சிடுகிறார்களே, அது போன்றதே இதுவும். 'கோர்வைச் சேலை' என்று நாம் கேட்டால், 'கோர்வை' என்பதன் கீழுள்ள பக்கங்களையும் 'சேலை' என்பதன் கீழுள்ள பக்கங்களையும் எடுத்து ஒப்பிடுவதே முதற் காரியம். ஆகவே, பிரதி எடுக்கப்படாத பக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இயந்திரத்தைப் பொறுத்தவரை இல்லாத பக்கமே. நேற்று நாம் திருத்திய விலையும், அது மறுபடி வந்து படிக்கும் வரையில் அதன் ஏட்டில் பழைய விலைதான்.

இவ்விரு சொற்களில் எதற்கு அதிக எடை? 'சேலை' என்னும் சொல் எண்ணற்ற பக்கங்களில் கிடக்கிறது. 'கோர்வை' சிலவற்றில் மட்டுமே உண்டு. ஆதலால் 'கோர்வை' உள்ள பக்கமே கேட்டவர் விரும்பிய பக்கமாக இருத்தல் கூடும். அரிய சொல்லுக்கு அதிக மதிப்பிடும் இம்முறையை 1972ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டவர் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண்மணி. வலைப்பக்கங்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டது அது.

சொல்லை மட்டும் எண்ணினால் ஒரு சங்கடம் உண்டு. 1990களின் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் எழுதியிருந்த சொற்களையே நம்பின. வியாபாரிகள் அதை உணர்ந்து, ஒரே சொல்லை நூறு முறை தம் பக்கத்தில் எழுதி வைத்தனர். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை எவ்வளவு தூரம் நம்புவது? கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1998இல் வெளியிட்ட முறை இதற்கு விடையாக அமைந்தது. அவ்வாண்டிலேயே அவர்கள் கூகுள் கம்பெனியைத் தொடங்கினர்.

கூட்டுறவாளருக்கு இம்முறை புதிதன்று. கடன் மனுவைப் பரிசீலிக்கும் முறையே அது. மனுதாரர் தம்மைப் பற்றி எழுதும் புகழுரையை நிர்வாகக் குழு பெரிதாகக் கொள்வதில்லை. ஜாமீன் கையெழுத்திட்டவர் யார் என்று பார்க்கிறது. அது போலவே, ஒரு பக்கத்தைச் சுட்டி வேறொரு பக்கம் இணைப்புக் கொடுத்தால், அதை ஒரு ஜாமீனாக இவர்கள் கொண்டனர். அத்துடன் நிற்கவில்லை. ஜாமீன்தார் தாமே மதிப்புள்ளவரா என்பதையும், அவர் எத்தனை பேருக்குக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்த்தனர். 100 மதிப்புள்ள ஒரு பக்கம் நான்கு பக்கங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் 25 சேரும்; நானூறு பக்கங்களைச் சுட்டினால் கால்தான் சேரும். கேட்பவருக்கெல்லாம் கையெழுத்திடும் ஜாமீன்தாரின் கையெழுத்துக்கு நம் சங்கங்களில் என்ன மதிப்போ, அதே மதிப்புத்தான்.

ஜாமீன்தாரின் மதிப்பும் பிறர் அவருக்குக் கொடுத்த ஜாமீனைப் பொறுத்ததாயிற்றே, கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று நேயர்கள் கேட்கலாம். எல்லாப் பக்கங்களுக்கும் சமமான மதிப்பைக் கொடுத்துத் தொடங்கி, பங்கிட்டு, வந்த தொகையை மீண்டும் பங்கிட்டு, எண்கள் அசையாமல் நிலைபெறும் வரையில் திரும்பத் திரும்பக் கணக்கிடுவர். சிலர் தமக்குள்ளேயே வட்டமாக ஜாமீன் போட்டுக்கொண்டு மதிப்பு முழுவதையும் அடைத்துவிடாதிருக்க ஓர் ஏற்பாடும் உண்டு. ஒரு வாசகர் நூற்றுக்கு 85 தடவை இணைப்பைப் பின்பற்றிச் செல்வதாகவும், 15 தடவை சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவதாகவும் வைத்துக்கொண்டனர். இன்று இந்தக் கணக்கு பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. கேள்வியிலுள்ள சொற்களின் தொடர்பையும் கூகுள் 2019 முதல் மேலும் நுட்பமாகக் கவனிக்கிறது. 'சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு' என்பதும் 'ஈரோட்டிலிருந்து சேலத்துக்கு' என்பதும் ஒரே ஊர்ப் பெயர்களைக் கொண்டவையாயினும் வெவ்வேறு பயணங்கள் அல்லவா?

ஜாமீன் உள்ள இடத்தில் போலி ஜாமீனும் வரும். அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைக் கம்பெனி, 2010ஆம் ஆண்டுப் பண்டிகைக் காலத்தில், உடுப்பு, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு முதலிய எச்சொல்லைத் தேடினாலும் கூகுளில் முதலிடத்திலோ அதற்கு அருகிலோ நின்றது. 2011 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை இதன் காரணத்தை வெளியிட்டது. நோய், மோட்டார் கார், மீன் பிடித்தல், பல் வைத்தியம் என்று துணிக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இக்கடைக்கு இணைப்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. அவை தம் அனுமதியின்றி வைக்கப்பட்டவை என்று கம்பெனி கூறியது. கூகுள் நடவடிக்கை எடுத்த அன்று மாலை 7 மணிக்கு, வரவேற்பறை நாற்காலி மேஜைகளுக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, 9 மணிக்கு 68ஆவது இடத்துக்கு இறங்கியது. அந்த இரண்டு மணி நேரத்தில் நாற்காலிகளின் மரம் உளுத்துவிடவில்லை. முந்திய வரிசையும் பிந்திய வரிசையும் ஜாமீன் கணக்கையே காட்டின. சரக்கின் தரத்தைக் காட்டவில்லை.

நம் நெசவாளர் இதை மனத்தில் இருத்துவது நன்று. 'காஞ்சிபுரம் பட்டு' என்று தேடினால் மேலே வரும் கடையின் சேலை கைத்தறியா விசைத்தறியா என்று இயந்திரம் தொட்டுப் பார்ப்பதில்லை; சரிகையை உரைத்துப் பார்ப்பதும் இல்லை. அதற்கென்று கைத்தறி முத்திரையும் புவிசார் குறியீடும் தனியே இருக்கின்றன. தவிரவும், பல வேளைகளில் உச்சியில் நிற்பவை விளம்பரங்களே. அவ்விடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. கேட்கும் தொகையும், விளம்பரம் கேள்விக்குப் பொருந்தும் அளவும் சேர்ந்து இடத்தை நிர்ணயிக்கின்றன. காசு கொடுத்து வந்த இடம் என்பதற்கு ஒரு சிறிய குறிப்பு மட்டும் அருகில் இருக்கும். அதைப் படிக்காமல் விரலை வைப்பவரே மிகுதி என்பது நம் அபிப்பிராயம்.

இனி, விடை கூறும் விஷயம். முன்பெல்லாம் தேடுபொறி பக்கங்களைச் சுட்டிக் காட்டுவதோடு நின்றது. பின்னர் ஏதேனும் ஒரு பக்கத்திலிருந்து சில வரிகளை எடுத்து மேலே வைத்தது. 2024இல், முதலில் அமெரிக்காவிலும் பிறகு இந்தியாவிலும், பல பக்கங்களைக் கொண்டு தானே ஒரு விடையை எழுதித் தரவும் கூகுள் தொடங்கியது. எழுதுவது மொழி மாதிரி எனப்படும் கணித அமைப்பு. முன் வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணிப்பது அதன் தொழில். வாக்கியம் சரளமாக இருக்கும், பிழையான செய்தியைச் சொல்லும்போதும் அதே சரளத்துடன் சொல்லும். அவ்வாண்டு மே மாதத்தில், ரொட்டியின் மேல் பாலாடைக்கட்டி ஒட்டாமல் நழுவினால் குழம்பில் சிறிது பசையைக் கலக்கலாம் என்று அமெரிக்காவில் ஒருவருக்கு அது விடை கூறியது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் யாரோ வேடிக்கையாக எழுதி வைத்த வரிகளே அதற்கு மூலம் என்று கண்டனர்.

பசை விஷயத்தில் மனிதர் சிரித்துவிட்டுப் போவர். பயிர் மருந்தில் சிரிக்க இடமில்லை. பருத்திக் காய்ப்புழுவுக்கு எண்டோசல்பான் தெளிக்கும்படி ஒரு காலத்தில் பரவலாகச் சிபாரிசு செய்யப்பட்டது. 2011 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அம்மருந்தின் உற்பத்தியையும் விற்பனையையும் உபயோகத்தையும் நாடு முழுவதும் தடை செய்தது. ஆயினும் 2009இல் எழுதிய பக்கம் தானாக அழிந்துவிடாது. அதைச் சுட்டும் பழைய இணைப்புகளும் அப்படியே இருக்கும். ஆகையால் மருந்தின் பெயரையும் அளவையும் விடையிலிருந்து நேரே வயலுக்குக் கொண்டு போகலாகாது. விடையின் அடியிலோ ஓரத்திலோ உள்ள மூலப் பக்கத்தைத் திறந்து, எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்தப் பயிருக்கு, எந்த நாட்டுக்கு என்று பார்க்க வேண்டும். பிறகு டப்பியின் மேலுள்ள சீட்டுடன் ஒப்பிட வேண்டும். வேளாண்மை உதவி அலுவலரைக் கேட்பது அதனினும் நன்று.

சங்கங்கள் தம் பெயரில் பக்கம் வைத்துக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல சங்கங்களின் பக்கங்களில் சேலைகளின் படங்கள் நிறைய உண்டு. எழுத்து மிகக் குறைவு. சங்கத்தின் பெயர், ஊர், தாலுக்கா, நெய்யும் ரகம், நூல் நம்பர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தாகவே எழுதி வைத்தல் வேண்டும். சொல்லடைவில் ஏறுவது முக்கியமாக எழுத்துத்தான். சம்மேளனத்தின் பக்கத்திலும் இலாகாவின் பக்கத்திலும் நம் சங்கத்துக்கு இணைப்புக் கேட்டுப் பெறலாம். அது மதிப்புள்ள ஜாமீன். முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் தரகருக்கு நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன், ஜே.சி. பென்னியின் 68ஆவது இடத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்கும் வழக்கம் நம் அங்கத்தினரிடையே பரவி வருகிறது. மோசக்காரர்கள் தம் எண்ணை வங்கியின் எண் போல எழுதிப் பக்கங்கள் வைத்திருக்கின்றனர்; இயந்திரம் அவற்றையும் வரிசையில் சேர்த்துவிடக் கூடும். எண் வேண்டுமானால் பாஸ் புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ பார்த்துக்கொள்க. பணம் பறிபோனது தெரிந்தால், அப்பொழுதே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் செய்க.