ஏசிங்க் நிரல் பழகும் தம்பி தங்கைகளுக்கு

பைதானில் ஏசிங்க் நிரலை எப்படித் தொடங்குகிறீர்களோ, அப்படித்தான் அது முடியும். அதனால் தொடக்கத்தைப் பற்றியே சொல்கிறேன்.

1. பாடம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்துப் படியுங்கள். ஏசிங்க் நிரலுக்கான ஏசிங்க்ஐஓ நூலகம் 2014-இல் பைதான் 3.4-உடன் வந்தது. அன்று ஈவென்ட் லூப்பை நாமே கேட்டு வாங்கி, வேலை முடியும்வரை ஓட்டி, நாமே மூட வேண்டியிருந்தது. 2018-இல் வந்த 3.7 அத்தனையையும் ‘ஏசிங்க்ஐஓ.ரன்’ என்ற ஒரே அழைப்புக்குள் அடக்கியது. நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

2. அந்த ஒரு வரி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய லூப்பை உருவாக்கும், நீங்கள் கொடுத்த கோரூட்டீனை ஓட்டும், அது முடிந்த பிறகும் மிச்சமிருக்கும் டாஸ்க்குகளை ரத்து செய்யும், ஏசிங்க் ஜெனரேட்டர்களை முடித்துவைக்கும், லூப்பை மூடும். நடுவில் பிழை எழுந்தாலும் இந்தத் துப்புரவு நடக்கும். கையால் எழுதும்போது எளிதில் விட்டுப்போவது இதுதான்.

3. நிரலுக்கு ஒரு ‘மெயின்’, அதற்கு ஒரே ஒரு ரன். பங்ஷனுக்குப் பங்ஷன் ரன் எழுதினால் ஒவ்வொரு முறையும் புது லூப் பிறக்கும். முந்தைய லூப்பில் திறந்த இணைப்பை நம்பிப் புது லூப்பில் வேலை செய்ய முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் லூப்புக்குள்ளிருந்து ரன்னை அழைத்தால் ரன்டைம் எர்ரர் வரும். ஜூப்பிட்டர் நோட்புக்கில் லூப் ஏற்கெனவே ஓடுகிறது. அங்கே நேரடியாக அவெய்ட் எழுதுங்கள்.

4. மெயின் திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. டாஸ்க்கை உருவாக்கிவிட்டு அதற்காகக் காத்திருக்காவிட்டால், அது பாதியில் ரத்தாகலாம். 3.11 முதல் டாஸ்க்குரூப் இருக்கிறது; அதற்குள் உருவாக்கிய டாஸ்க்குகள் அனைத்தும் முடிந்த பிறகே அது உங்களை வெளியே விடும். அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

5. கோரூட்டீனை வெறுமனே அழைத்தால் அது ஓடாது. அவெய்ட்டை மறந்தால் பைதான் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை ஒருநாளும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

6. ஒரே லூப்பில் பலமுறை ஓட்டவேண்டிய தேவை உண்மையிலேயே வந்தால் 3.11-இன் ரன்னர் வகுப்பை நாடுங்கள். பழைய முறைக்குத் திரும்ப வேண்டாம். லூப் இல்லாத இடத்தில் ‘கெட் ஈவென்ட் லூப்’ என்று கேட்டால், 3.14 பிழையைத்தான் எழுப்பும்.

7. நாளை நீங்கள் இன்னொருவருக்குக் கற்பிப்பீர்கள். முதல் பாடத்தில் லூப்பைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு மெயின், ஒரு ரன், அதற்குள் ஓர் அவெய்ட் போதும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முதலில் புரிய வையுங்கள். லூப்பின் உள்வேலையை அவர்களே கேட்கும் நாளில் சொல்லிக்கொடுங்கள்.