வெள்ளிப் பூச்சும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும்

ஹைதராபாத்தை அடுத்த பாலாபூரில், மத்திய அரசின் ஆதரவில், தூள் உலோகவியலுக்கும் புதிய பொருள்களுக்குமான சர்வதேச உயர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. குடிநீர் வடிகட்டியில் பொருத்தும் பீங்கான் கேண்டிலின் மீது நுண்ணிய வெள்ளித் துகள்களைப் படியச் செய்யும் முறையை இந்நிலையம் உருவாக்கியது. சாதாரணக் கேண்டில் கிருமிகளைத் தடுத்து நிறுத்துமேயன்றிக் கொல்வதில்லை. தங்கிய கிருமிகள் அங்கேயே பெருகவும் கூடும். வெள்ளியிலிருந்து நீரில் கரையும் அயனிகளோ கிருமியின் புரதங்களுடன் பிணைந்து அவற்றின் வேலையைக் குலைக்கின்றன.

இத்தகைய துகள்கள் ஒளி மைக்ராஸ்கோப்பின் பார்வைக்கு எட்டாதவை. சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியிலுள்ள இரு புள்ளிகளை அதனால் பிரித்துக் காட்ட இயலாது. (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்.) எனவே, 1931-ல் ஜெர்மனியில் நோல், ருஸ்கா ஆகியோர் வழிகாட்டிய எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் தேவையாகிறது. அதன் ஒரு வகையில், எலெக்ட்ரான் கற்றை பொருளின் மேற்பரப்பை வரிவரியாக வருடிச் செல்ல, அங்கிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்கள் படமாகின்றன.

கருவியின் உட்புறம் வெற்றிடமாதலால் ஈரமுள்ள கிருமியை அப்படியே வைக்க முடியாது. முதலில் குளூட்டரால்டிஹைடு கரைசலில் அதன் உருவத்தை நிலைப்படுத்துவர். பின் படிப்படியாகச் செறிவு மிகும் ஆல்கஹாலில் நீரை அகற்றி, உலர்த்தி, மெல்லிய தங்கப் பூச்சு இடுவர். வழவழப்பான கோல் போன்ற கிருமி, உலோகத்தைத் தொட்டபின் சுருங்கி, உறை கிழிந்து தோன்றலாம்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். படத்திலுள்ள கிருமிகள் யாவும் இறந்தவையே. அவற்றைக் கொன்றது வெள்ளியா, கரைசலா என்று படம் சொல்லாது. உலர்த்துவதில் பிழை நேர்ந்தாலும் இதே சுருக்கம் உண்டாகும். ஆகவே வெள்ளியற்ற பரப்பிலும் கிருமிகளை வைத்து, அதே முறையில் பக்குவப்படுத்தி ஒப்பிட வேண்டும். எத்தனை கிருமிகள் பிழைத்தன என்பதை வளர்ப்புத் தட்டில் எண்ணியே அறிய வேண்டும். விற்பனையாளர் காட்டும் கிழிந்த கிருமியின் படத்தை மட்டும் சான்றாக ஏற்பதற்கில்லை.

செம்புக் குடம் பற்றி 2012-ல் வெளியான இந்திய ஆய்வு, எண்ணிக்கையைக் கொண்டே முடிவு கண்டது: அறை வெப்பநிலையில் 16 மணி நேரம் வைத்த நீரில், சேர்க்கப்பட்ட வயிற்றுப்போக்குக் கிருமிகள் வளர்ப்பில் தென்படவில்லை. ஒரு மணி நேரம் வைத்த நீருக்கு இம்முடிவைப் பொருத்தலாகாது. புளியிட்டுத் துலக்கும் வழக்கம் நல்லதே. அழுக்குப் படலம் நீருக்கும் செம்புக்கும் இடையே நிற்காது. ஆனால் மோர், எலுமிச்சைச் சாறு போன்றவற்றைச் செம்பில் வைத்திருத்தல் கூடாது; புளிப்பு செம்பை மிகுதியாகக் கரைக்கும்.

நல்கொண்டா மாவட்டத்து நீரிலுள்ள ஃபுளோரைடு வெள்ளிக்கும் செம்புக்கும் கட்டுப்படுவதன்று. அதற்குப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை போன்ற வேறு வழியே வேண்டும்.